கோகிலவாணி வளர்ந்த நாற்காலி

கோகிலவாணியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலையில், அவள் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியைக் கோவையில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம், வேறொரு பிள்ளைக்காவது ஆகும் என்று நினைத்து, அவளுடைய அப்பா சென்னியப்பன் நூல் டெம்போவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார், அது எழும்பவில்லை. நூல் மூட்டை தூக்கிப் பழகிய கை அவருடையது, இதைவிடப் பெரிய பாரமெல்லாம் தூக்கியிருக்கிறார், ஆனால் வெறும் நாற்காலி என்று நினைத்துத் தூக்கியதால் கை ஏமாந்துவிட்டது. இரண்டாம் தடவை மூச்சுப் பிடித்துத் தூக்கியபோது அந்தக் கனம் அவருக்குத் தெரிந்த கனமாக இருந்தது. பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக வாசற்படி மூன்றையும் இறக்கி, எதிரே இருந்த கழிவுப் பஞ்சு குடோனின் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். நாற்பத்தொரு கிலோ காட்டியது. நாற்காலி இருபத்திரண்டு கிலோ என்று அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது. மீதிப் பத்தொன்பது, ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று கோகிலவாணிக்கு எழுதிய எடை.

சென்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி கலாமணி அழுது வீங்கிய முகத்தோடு வாசலுக்கு வந்து, "அவளெ எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க, இன்னும் சாப்பிடவே இல்ல" என்றாள். நாற்காலி மறுபடி வீட்டுக்குள் போனது.

வெளியூர்க்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால், உங்கள் ஊரே அலறியிருக்குமே என்பார்கள். எங்கள் செங்காட்டுப்பாளையத்தில் இருநூறு தறிக்குடோன் இருக்கிறது, எந்நேரமும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது புரிய வேண்டும் என்றால் உதட்டைப் பார்க்க வேண்டும், ஆச்சரியப்பட வேண்டும் என்றால் ஷிப்டு முடிய வேண்டும், ஷிப்டு முடிந்தால் தூக்கம் வந்துவிடும். ஆகவே எங்களுக்கு மொத்தமாக ஆச்சரியப்படும் பழக்கம் இல்லை. வந்தவர்கள் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார்கள். மேலிருந்து கை வைத்தால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. உள்ளங்கையை மலர்த்தி மெத்தையோடு ஒட்டி அடியில் கை கொடுத்தால் பிள்ளை இருந்தாள். கை கொடுத்துப் பார்த்த பெண்கள் எல்லாம் அழுதார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு வெயில் படாத இடமாகப் பார்த்து நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்கள்.

அந்த நாற்காலியைச் செய்தவர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கோவைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. அவர் படித்த படிப்புக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர், எங்கள் வாயில் அது நுழையாது, நாற்காலி டாக்டரம்மா என்போம். நான் டாக்டர் இல்லைம்மா என்று சொல்லிச் சொல்லி அவர் சலித்துப்போய் விட்டுவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சக்கர நாற்காலி என்றால் ஒரே அளவுதான், கப்பலில் வரும், எங்கோ ஒரு தேசத்தில் ஆறடி ஆள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் ஐந்து வயதுப் பிள்ளையைப் போட்டு நாலு பக்கமும் தலையணை சொருகிக் கொடுத்தனுப்புவார்கள், பிள்ளை அதற்குள் சரிந்து சரிந்து ஒரு பக்கமாகக் கோணிப்போகும், கோணியது அப்படியே எலும்பில் நின்றுவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெசிந்தா ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஸ்பாஞ்சை வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வோர் உடம்புக்கும் ஒரு மெத்தை, ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு பலகை, தொடைக்கு இவ்வளவு, முட்டிக்கு இவ்வளவு என்று அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, ரெக்ஸின் போர்த்தி, பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடி வெட்டினார். நாற்காலி வீட்டுச் சாமான் இல்லை, அது சட்டை என்பார். மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலையில் அடிபட்டவர்கள், பிறந்தபோதே மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கான பேர் அவர் வெட்டிய மெத்தையில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள், பரீட்சை எழுதியிருக்கிறார்கள், கல்யாணம்கூடக் கட்டியிருக்கிறார்கள்.

உட்காரவைத்த பிறகு அவர் செய்வது ஒன்று உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, உட்கார்ந்திருப்பவருக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்து, உட்காரும் எலும்பு எங்கே அழுத்துகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பார். முதலில் இடது, பிறகு வலது. அதிகம் அழுத்தினால் அந்த இடத்தில் புண் வரும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் முதுகு வளையும். எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று கணினியில் படம் காட்டும் பாய் ஒன்று பிற்காலத்தில் மையத்துக்கு வந்தது, அது ஒரு கணக்குச் சொல்லும், ஜெசிந்தாவின் கை ஒரு கணக்குச் சொல்லும், கடைசியில் பாயைத்தான் திருத்துவார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிர்வரிசையில் யார் இடுப்பு ஏறியிருக்கிறது என்றுதான் அவர் கண் போகும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டதால்தான் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று மையத்தில் ஒரு பேச்சு இருந்தது, கேட்டால் சிரிப்பாரே ஒழிய மறுக்கமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். இடுப்பு அளவுக்கு மேல் ஒரு விரல் இடம், அதற்குமேல் விடக்கூடாது. இந்தச் சட்டத்துக்கு எதிரிகள் அம்மாக்கள். நம் பக்கத்தில் பிள்ளைக்குச் சீருடை எடுத்தால் தோள் இறங்கி, கை விரல்நுனி வரை வந்து, அடுத்த வருஷமும் ஆகிற மாதிரிதான் எடுப்போம், செருப்புக்கூட ஒரு நம்பர் கூடத்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற நாற்காலியை மட்டும் பிடித்தாற்போல வாங்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? விட்டு வையுங்கள் என்று கெஞ்சுவார்கள், சண்டை பிடிப்பார்கள், ஒருத்தி இஞ்ச் டேப்பைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். ஜெசிந்தா மசியமாட்டார். இடைவெளி விட்டால் உடம்பு அந்த இடைவெளியைத் தேடிப் போகும் என்பார்.

ஒரே ஒரு தடவை மசிந்தார்.

கலாமணி சீருடை தைக்கிறவள். சுற்றுவட்டாரத்தில் ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவள் தைத்த சட்டையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும், மடிப்புக்குள் துணி விட்டுத் தைப்பதில் பேர் போனவள், பிரித்துப் பிரித்து மூன்று வருஷம் போடலாம். கோகிலவாணிக்கு எட்டு வயதானபோது நாற்காலி வாங்க அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, பேச்சு வராது, சிரிப்பு வரும். மெத்தைக்கு உறையை நானே தைத்துவிட்டேன் டாக்டரம்மா என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பச்சைச் சீருடைத் துணி, ஓரத்தில் மஞ்சள் நூலில் சங்கிலித்தையலாகக் கோகிலவாணி என்று பேர். அளவு இரண்டு இஞ்ச் கூடுதல்.

"வளர்ற புள்ளைங்க. ரெண்டு இஞ்ச் உட்டே வெச்சுருங்க டாக்டரம்மா."

"வைக்கக் கூடாதும்மா. சாய்ஞ்சிருவா."

"அடுத்தது கெடைக்க அஞ்சு வருசமுங்க. அதுக்குள்ள இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா என்ற புள்ளெ என்னங்க பண்ணுவா?"

அதற்கு முந்தின வாரம்தான், பிடித்தாற்போல வைத்த நாற்காலி சிறிதாகிப்போய் இரண்டு இடுப்பிலும் தோல் உரிந்த ஒரு பையனை அவன் அம்மா கொண்டுவந்து காட்டி, நல்லா வெச்சீங்க சட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜெசிந்தா அந்தப் பச்சை உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பேர் எழுதியிருந்த தையல் அவ்வளவு நேராக இருந்தது. சரி என்றார். இடைவெளியை அடைக்க இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சுத் துண்டு செருகி, வளர வளர மெலிதாக்கிக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே வந்து பார்க்கிறேன் என்றார். துண்டுகள் துவைக்கப் போட்ட இடத்தில் ஒன்று நாய் தூக்கிப்போய், ஒன்று நைந்து, ஒரு மாதத்திலேயே காணாமல் போயின. மூன்று மாதத்தில் வருகிறேன் என்றவர் மையத்தின் வேலையில் மறந்து பதினோரு மாதம் கழித்து வந்தார். அதற்குள் கோகிலவாணி இடப்பக்கத்து இடைவெளிக்குள் போய்ச் சாய்ந்திருந்தாள், முதுகு வளைந்திருந்தது, இடது விலா இடுப்பெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி மடங்கிய நெஞ்சில் சளி தங்கும். பத்து வயதில், ஒரு மார்கழியில், அந்தச் சளியிலேயே போய்விட்டாள்.

சளியில் போனாள் என்றுதான் ஊருக்குத் தெரியும். இரண்டு இஞ்சில் போனாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவர் அதைக் கலாமணியிடம் சொல்லத் துடித்தார், காலில் விழக்கூடத் தயாராக இருந்தார், ஆனால் நான் கொடுத்த இரண்டு இஞ்ச்தான் உன் பிள்ளையைக் கொன்றது என்று சொன்னால், நீ கேட்ட இரண்டு இஞ்ச் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறதே. தன் பாரத்தை இறக்க வேண்டும் என்றால் பாதியைப் பெற்றவள் தலையில் வைக்க வேண்டும். எப்படிச் சொல்வது? அதனால் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கலாமணி போன் செய்தாள். மூணு மாசத்துக்கொருக்கா வந்து பாக்கோணும்னு சொன்னீங்களே, வாங்க என்றாள். ஜெசிந்தா வந்தார். வழக்கம்போலத் தரையில் மண்டியிட்டு உள்ளங்கையை விரித்து மெத்தைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அடியில் நுழைத்தார். இடது எலும்பு கையில் வந்து அழுத்தியது, வலது எலும்பு பட்டும்படாமல் இருந்தது, அவர் செய்த தப்பு செய்தபடியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கலாமணி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து எட்டு வருஷம், மழையோ காய்ச்சலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வராமல் இருந்ததில்லை.

எட்டு வருஷம் ஏன் என்றால் பிள்ளை வளர்ந்தாள். நாற்காலியைக் கழித்தால், மூன்றாவது மாதம் தராசு இருபது காட்டியது, வருஷக் கடைசியில் இருபத்திரண்டு. மெத்தையில் பள்ளம் நீண்டது, கால்பலகையின் ரப்பர் தேய்ந்தது, ஜெசிந்தா பலகையை ஒரு துளை கீழே இறக்கிப் பூட்டினார். ஒரே இடத்தில் கனம் இருந்தால் புண் வரும், அரை மணிக்கொரு தடவை நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார், இப்போதும் கலாமணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து சாய்த்துப் பிடித்தாள், அவள் இல்லாத நேரத்தில் தெருவில் போகிற யாராவது உள்ளே வந்து சாய்த்துப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் பத்மாவதி டீச்சர் கோகிலவாணியின் பேரைப் பதிவேட்டில் அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தினமும் நாற்காலியோடு வருகிற பிள்ளையின் பேரை எப்படி அடிப்பது என்பது அவர் வாதம். வருகைப் பதிவில் கோகிலவாணி என்று கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவார், வகுப்பே சேர்ந்து உள்ளேன் டீச்சர் என்று சொல்லும், சத்துணவு முட்டையைப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முறைவைத்துத் தின்பார்கள். மாரியம்மன் நோன்பில் பெண்கள் பக்கம் அவளுக்கு இடம் விட்டார்கள், பூசாரி நாற்காலியின் முதுகில் விபூதி பூசினார். மாற்றுத்திறனாளிகள் முகாமில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், ஆள் எங்கேம்மா என்று கேட்டார். இருக்குறாளுங்க, அடியில கை குடுத்துப் பாருங்க சார், தெரியுமுங்க என்றாள் கலாமணி. அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார், சிரிப்பு நின்றது, அவருக்கும் வீட்டில் பெண்பிள்ளை இருந்திருக்க வேண்டும், உதவித்தொகைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பதிமூன்று வயதில் மூன்றே மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது. பெண்கள் கூடிப் பேசினார்கள், இந்த வயசில் இப்படி ஏறினால் வேறென்ன என்று முடிவு கட்டினார்கள். தாய்மாமன் குப்புராஜுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், அக்கா வீட்டுக்கு வரத் துணிவில்லாமல் மூன்று வருஷமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவன், தட்டுத்தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு மேளத்தோடு வந்தான். பட்டுப்புடவையை நாற்காலியின் தோளில் போட்டு, மாலை சாத்தி, சுற்றி நின்று மஞ்சள் நீர் ஊற்றினார்கள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம், இலையில் நெய் தாராளம். குப்புராஜ் மட்டும் சாப்பிடவில்லை. பந்திக்குப் பின்னால் நின்று, "என்ற மடியில ஒக்காந்து மொட்டை போட்டவளுங்க இவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தான்.

இப்படியே எல்லாவற்றையும் நாங்கள் பழக்கிக்கொண்டோம். ஒன்றை மட்டும் பழக்கிக்கொள்ள முடியவில்லை.

தறிகள் ஓடும்போது தெரியாது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்டை நிறுத்துவார்கள், இருநூறு குடோனும் சட்டென்று அடங்கும், அப்போது சென்னியப்பன் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வரும். நாற்காலியிலிருந்து வரும் மூச்சு. குட்டை குட்டையாக, உள்ளே போகும்போது ஒரு கரகரப்பு, வெளியே வரும்போது ஒரு விசில், மடங்கிய நெஞ்சுக்குள் காற்றுக்கு இடம் பற்றாமல் இழுக்கிற இழுப்பு. அவள் வளர வளர அந்தச் சத்தமும் வளர்ந்தது. தெருமுனை வரை கேட்டது. கரண்ட் இல்லாத நாளில் எங்கள் தெருவில் யாரும் பேசிக்கொள்ளமாட்டோம், அவள் மூச்சோடு சேர்த்து எங்கள் மூச்சையும் இழுத்துக்கொண்டு, எப்போது ஐந்து மணி ஆகும் என்று உட்கார்ந்திருப்போம்.

ஜெசிந்தாவுக்குக் காரணம் தெரியும். அந்த இரண்டு இஞ்ச் அகலத்தில் அவள் எத்தனை வளர்ந்தாலும் சாய்ந்தே வளர்ந்தாள். பக்கத்தில் துண்டு வைத்துப் பார்த்தார், அடுத்த தடவை வரும்போது துண்டுகள் தரையில் கிடந்தன. புதிதாக ஒரு சீட்டை அளவாக வெட்டி, அவளைத் தூக்கி அதில் நேராக உட்காரவைக்க வேண்டும், வேறு வழி இல்லை. இதை ஒவ்வொரு வருஷமும் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் கலாமணி முடியாது என்றாள். பிள்ளை இறந்த நாளிலிருந்து கலாமணி அவளைத் தூக்கவே இல்லை.

"அங்கிருந்து எடுத்தா, எடுத்த எடத்துல இல்லாமப் போயிட்டான்னா? இழுத்துக்கிட்டாவது இருக்குறாளுங்க. அதுவும் இல்லீன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

ஜெசிந்தா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார். போகமாட்டாள் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

பதினெட்டாம் வயதில் எடை முப்பத்தெட்டில் நின்றது. இரண்டு தடவை வந்து பார்த்தபோதும் அதே முப்பத்தெட்டு. ஐப்பசி மாதப் பராமரிப்பு நாளில் மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது, நின்றபோதெல்லாம் தெருவில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நிற்கிற மூச்சை எண்ணிக்கொண்டே கலாமணி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஊசிக்கு அடியில் வைத்த துணி வைத்தபடி இருந்தது. மறுநாள் போன் செய்து, "வந்து அளவெடுத்துக்குங்க டாக்டரம்மா. இதுக்கு மேல அவளெ இழுக்க உடக்கூடாது" என்றாள்.

ஜெசிந்தாவுக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. வந்தார், மண்டியிட்டார், கனம் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை மெத்தையோடு ஒட்டி உள்ளங்கையால் தடவித் தடவிச் சாக்பீஸால் கோடு போட்டு, டேப் வைத்தார். பதிமூன்று இஞ்ச். ஒரு விரல் இடம் சேர்க்கலாமா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

கலாமணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கழுத்திலும் ஒரு டேப் தொங்கியது.

"இந்தத் தடவெ உடாதீங்க டாக்டரம்மா" என்றாள். "ரெண்டு இஞ்ச் வேண்டாமுங்க. புடிச்சாப்புல வெச்சுருங்க."

ஜெசிந்தாவின் கையில் டேப் நின்றது. அவர் திரும்பவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அவ சாயறப்பவே தெரியுமுங்க. தையக்காரி நானு. எங்க லூசு இருக்குதோ அங்கதானுங்க சுருக்கம் உளுகும். ரெண்டு இஞ்ச் நான் கேட்டதுங்க."

"குடுத்தது நான். கூடாதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். வரேன்னு சொல்லிட்டு வராமலும் இருந்தேன்."

"உங்ககிட்டச் சொன்னா நீங்க வர்றதெ நிறுத்திப்போடுவீங்களோன்னு நெனச்சேனுங்க. அப்பறம் இவளெ யாரு பாப்பா?"

"உன்கிட்டச் சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நான் நினைச்சேன்மா."

எட்டு வருஷம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார்கள், இதை வாயில் வைத்துக்கொண்டே குடித்திருக்கிறார்கள். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. என்மேல்தான் தப்பு என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லி, சொல்லச் சொல்ல அழுகை வந்து, அழுது முடித்துவிட்டு, ஜெசிந்தா அளவை எழுதிக்கொண்டார்.

புதுச் சீட்டை அவர் யாரையும் தொடவிடவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து தானே வெட்டினார். உட்காரும் எலும்புக்குக் குழி, தொடைக்கு வாய்க்கால், இடது விலாவைத் தாங்க ஒரு பக்கப்பலகை, வளைந்த முதுகை வற்புறுத்தாமல் ஏந்துகிற ஒரு பின்பலகை. முப்பத்தொரு வருஷத்து வேலையில் இதைப்போல ஒன்று அவர் செய்ததில்லை என்று மையத்தில் பிறகு சொன்னார்கள். உறையைக் கலாமணி தைத்தாள், மடிப்புக்குள் ஒரு நூல்கூட விடாமல்.

கார்த்திகை மாதப் பராமரிப்பு நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள், மூச்சு கேட்க வேண்டும் அல்லவா. பத்து மணிக்குத் தெரு முழுக்கச் சென்னியப்பன் வீட்டு முன்னால் நின்றது. உள்ளே இழுப்பு மட்டும் கேட்டது. குப்புராஜும் சென்னியப்பனும் புதுச் சீட்டு பூட்டிய வேறொரு நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். கலாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கையை முதுகுக்கு அடியில், ஒரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்தாள். முட்டியை மடக்கி, "வா சாமி" என்று சொல்லி எழுந்தாள்.

கனம் வந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்ததையும், கால் ஒரு கணம் தள்ளாடியதையும், முப்பத்தெட்டு கிலோவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முகம் அந்த வெறுங்காற்றுக்குள் புதைந்ததையும் வாசலில் நின்ற நாங்கள் பார்த்தோம். எட்டு வருஷத்துக்குப் பிறகு தூக்குகிறாள், உடனே இறக்க அவளுக்கு மனசில்லை.  கடைசியில் கை இனித் தாங்காது என்றான பிறகுதான் புதுச் சீட்டில் மெதுவாக வைத்தாள்.

ஜெசிந்தா மண்டியிட்டுக் கையை நுழைத்தார். இடது. வலது. மறுபடி இடது. இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன.

மூச்சு மாறியது. கரகரப்பு போனது, பிறகு விசில் போனது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது, கடைசி வீடுவரை நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டோம், எங்கள் தோளெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியது. இன்னொன்று. அதைவிட நீளமாக இன்னொன்று. அப்புறம் மூச்சே கேட்கவில்லை, தூங்கிவிட்டாள் என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

ஜெசிந்தாவின் உள்ளங்கைக்கு வேறு செய்தி வந்துகொண்டிருந்தது. முதலில் அது தன் கை மரத்துப்போனதோ என்று நினைத்தார். விரலை அசைத்துப் பார்த்தார், மரக்கவில்லை. இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை.

"கலாமணி, கனம் குறையுது."

"தெரியுதுங்க" என்றாள் கலாமணி. அவள் கையும் முதுகுப்பக்கத்தில் இருந்தது.

"இன்னும் இருக்கா. சொல்லு, இப்பவே தூக்கிப் பழைய சீட்டிலேயே வச்சிரலாம். அங்க வச்சா ஒருவேளை இருப்பா."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். குப்புராஜ், அக்கா, அக்கா என்றான். பழைய நாற்காலி பச்சை உறையோடு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. கலாமணி அதைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது, ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"வேண்டாமுங்க. நல்லா ஒக்காந்துருக்குறா. இருக்கட்டும்."

மற்றொரு கையால் புது உறையின் ஓரத்தை நீவிவிட்டு, "நீங்க கைய மட்டும் எடுத்துப்போடாதீங்க டாக்டரம்மா" என்றாள்.

ஜெசிந்தா எடுக்கவில்லை. முட்டி வலித்து, இடுப்பு வலித்து, வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார். முப்பது கிலோ இருபதானது, இருபது பத்தானது, கைக்குழந்தையின் எடை வந்தது, அதற்குப் பிறகு என்ன எடை என்று சொல்ல அவருக்கே தெரியவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, இருநூறு குடோனும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது, கலாமணி ஏதோ சொன்னாள், உதட்டைப் பார்த்தும் எங்களுக்குப் புரியவில்லை. அப்போது ஜெசிந்தாவின் கைக்கு மேலே ஒன்றும் இல்லை, இருந்தாலும் அவர் கையை எடுக்கவில்லை.